இந்த ஒரு வேளைக்கு

கோரைப்பாய் எரிகிற நாற்றம் இன்று காலையிலேயே வந்துவிட்டது. ஆற்றங்கரைத் தெருவில் யாரோ போய்விட்டார்கள். யார் என்று விசாரிக்க நான் போகவில்லை. பாயை எரிக்கிறார்கள் என்றால் வாந்திபேதிதான், வேறென்ன? மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா நாத்தம் இது?" என்று கேட்டான். "குப்பைய எரிக்காவ" என்றேன். உன் பாயை நான் எரித்தபோது அவன் என் தோளில் இருந்தான். அது அவனுக்கு நினைவில்லை.

அந்த வருஷமும் இப்படித்தான். ஆற்றில் வெள்ளம் வடிந்த கையோடு பேதி வந்தது. சர்க்கார் ஆட்கள் கிணற்றில் மருந்தைப் போட, தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. "அந்தத் தண்ணிய எப்பிடிப் பிள்ளைக்குக் குடுக்க?" என்று நீ குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாய். தெருவில் எல்லாரும்தான் போனார்கள். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிய உன்னை, விளக்கு வைப்பதற்குள் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தேன். குழி வெட்ட வந்தவர்கள்கூட மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு எட்டி நின்றார்கள். குருவானவர் பொறுமையைப் பற்றிப் பேசினார். பாதியிலேயே போய்விடலாம் போல் இருந்தது எனக்கு.

பொறுமை உன் சொத்து. என்னிடம் அது எந்தக் காலத்தில் இருந்தது? மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே கண்ணை உருட்டி அடக்குகிறவன் நான். வீட்டில் இரண்டு வயதுப் பயல் செம்பைக் கவிழ்த்தால் என் தொண்டைதான் கிழியும். நீ கந்தலை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொல்லுவாய்: "ஆண்டவரே, நாளைக்கும் சேத்துக் கேக்கல. இந்த ஒரு வேளைக்கு மட்டும் பொறுமையத் தாரும்." அடுத்த வீட்டில் உறைமோர் கேட்கிற குரல்தான் அது.

"ஆண்டவர்கிட்டப் பேசுத பேச்சா இது?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன்.

"ஒங்க ஜெபம் பெரிய ஜெபம். அது முடியுமுன்ன இவன் அடுத்த செம்பக் கவுத்திருவான்" என்றாய்.

நீ போன மறுநாளிலிருந்து பயல் சாப்பிடவில்லை. சும்மா அழுதிருந்தால்கூடத் தேவலை. தட்டின் முன் ஒழுங்காக உட்காருவான். கையைக் கூப்புவான். நான் ஜெபம் பண்ணி முடிக்கிறவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். முடித்துவிட்டு உருண்டையை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வான். வற்புறுத்தினால் தட்டைத் தள்ளிவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்துக் கத்துவான். தூக்கக் கலக்கத்தில் சங்கில் ஊற்றிய ஆட்டுப்பால் மட்டும்தான் உள்ளே போனது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பிறகு கத்துவதும் குறைந்தது. கத்தாமல் கிடந்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

உடன்குடிப் பக்கத்திலிருந்து உன் அக்காள் வந்தாள். அவளும் அவன் தட்டின் முன் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். கருப்பட்டிப் பாகில் சோற்றைப் பிசைந்து பார்த்தாள், காக்காய் காட்டினாள், மடியில் போட்டு மூக்கைப் பிடித்தும் பார்த்தாள். அவள் வளர்த்த பிள்ளைகள் எல்லாம் தாட்டியானவை. அவளிடமும் இவன் வாய் திறக்கவில்லை.

"தம்பி, இவன எங்கூட அனுப்பிரும். ஒத்தை ஆம்பள கைப்பிள்ளைய வச்சி என்ன செய்வீரு? அங்கன பிள்ளைகளோட சேந்தா தின்னுருவான்."

"தின்னாட்டா?"

"தின்னாட்டா, இங்கன இருந்தாலும் அதான நடக்கும்?"

வாயில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அனுப்பினால் அவன் என் பிள்ளையாக வளர மாட்டான். வைத்துக்கொண்டாலோ, வளர்வானா என்பதே தெரியாது. சரி என்று சொல்லிவிட்டு ஆலயத்துக்குப் போய் முழங்காலிட்டேன். பக்தியாக இல்லை, சண்டைக்குப் போகிறவனைப்போலத்தான் போனேன். அவளை எடுத்துக்கொண்டீரே, இவனுமா வேண்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மனம் கொஞ்சமும் ஆறவில்லை.

வெயில் தாழ வண்டி பூட்டுவதாக ஏற்பாடு. அவன் சட்டைகளை உன் அக்காள் ஓலைப்பெட்டியில் அடுக்கிவிட்டாள். மத்தியானம் மோர்ச்சோறு பிசைந்துகொண்டு கடைசித் தடவையாக அவன் முன்னால் உட்கார்ந்தேன். வழக்கம்போலக் கை கூப்பினான். எனக்கு என் பெரிய ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, இந்த ஒரு வேளைக்கு மட்டும் பொறுமையத் தாரும்" என்று உன் பேச்சுதான் வந்தது. அது என் வாயிலிருந்து வந்ததோடு சரி. ஆமென் சொல்ல முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். சோற்றில் ஈ உட்கார்ந்தது. விரட்டக் கை எழவில்லை.

"ஆமே" என்றான் பயல்.

சொல்லிவிட்டு வாயைத் திறந்தான்.

மத்தியானம் நான் சாப்பிட்டெழுந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய பிறகுதானே நீங்கள் இருவரும் தட்டின் முன் உட்காருவீர்கள்? வகுப்பில் நிற்கும்போது, பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய நம் அடுக்களையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். விளையாட்டு என்று நினைத்திருந்தேன். நீ ஜெபத்தை முடிக்காமல் நிறுத்துவாய் என்பதும், ஆமென் அவன் பங்கு என்பதும், அதைச் சொன்னால்தான் முதல் உருண்டை என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. அத்தனை நாளும் நானும் உன் அக்காளும் அவன் பங்கை நாங்களே சொல்லி முடித்துவிட்டு, பிள்ளை வாய் திறக்கவில்லையே என்று அடித்துக்கொண்டோம். கடைசியில் பசிதான் ஜெயித்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும்.

உன் அக்காள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். வண்டியில் அவள் மட்டும் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகம் என்று எழுத எனக்கும் ஆசைதான். என் கையால் பொங்கிய சோறு ஒருநாள் குழையும், ஒருநாள் கருகும். வாத்தியார் அடுப்பு ஊதுகிறார் என்று தெருவே சிரித்தது. மழைக்காலம் முழுக்க அவனுக்குக் காய்ச்சலும் சளியும். கத்தத் தோன்றும்போதெல்லாம் உன்னைப்போல அந்த ஒரு வேளைக்குக் கேட்கிறேன். சில வேளை கிடைக்கிறது. சில வேளை கிடைக்காமல் கத்திவிடுகிறேன். அடுத்த வேளைக்கு மறுபடி கேட்கிறேன்.

இப்போது சிலேட்டில் தன் பெயரை எழுதுகிறான். உன் முகம் அவனுக்கு நினைவில்லை. படம் எடுத்து வைக்க நமக்கு எங்கே வழியிருந்தது? "எங்கம்ம எப்பிடி இருப்பா?" என்று கேட்கிறான். சொல்லச் சொல்ல உன் முகம் எனக்கே கலைந்து போகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் மகன் உன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், குருவானவர் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். நான் ஜெபம் பண்ணினேன். நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்து, சோற்றில் கை வைத்தேன்.

"வாத்தியாரே, ஆமென் சொல்ல மறந்துட்டீரே?" என்றார்.

"மறக்கல ஐயா" என்றேன். "அத நான் சொல்லுததில்ல."