கூடையில் விழாத பதினேழு

சேசு மரி சூசை

மாரண்டஹள்ளி
12.7.1987

மகள் ராஜமேரிக்கு,

வெள்ளிக்கிழமை பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து உன் மூன்றாம் வகுப்பைப் பார்த்தேன். பஞ்சாயத்து டிவியில், உன் புருஷன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியை மாட்டிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாய். திரையில் கூட்டல் வரும், எண்கள் மேலிருந்து விழும், சரியான விடையைக் கூடையில் பிடிக்க வேண்டும் என்றாய். "நீங்களும் ஆடுங்கப்பா" என்று கைப்பிடியை என்னிடம் திணித்தாய்.

ஒன்பதும் எட்டும். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். கடலை மடித்த காகிதத்தில் எழுத்துக் கற்று, முப்பது வருடம் தக்காளி மண்டியில் மனக்கணக்காலேயே பிழைத்தவன். எனக்கா பதினேழு தெரியாது? கைதான் கூடையை நகர்த்தவில்லை. பெட்டி தவறு என்று கீச்சிட்டது. ஒரு வாண்டு, "பதினேழுங்க தாத்தா, கூடைய அந்தாண்ட தள்ளுங்க" என்று கத்தியது. வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

தெரிந்தவனைத் தெரியாதவன் என்று சொல்லும் இயந்திரத்திடம் பிள்ளைகளை விடலாமா? கல்வி அலுவலருக்குப் புகார் அனுப்பிவிட்டேன். வேறொருவர் சொல்லி உனக்குத் தெரியக்கூடாது என்று நானே எழுதுகிறேன்.

உன் அப்பா
சவுரியப்பன்


பாப்பிரெட்டிப்பட்டி
2.8.1987

அன்புள்ள அப்பாவுக்கு ராஜமேரி எழுதுவது. கால்வலிக்குத் தைலம் அனுப்பினேன், வந்ததா?

அதிகாரி வந்து பெட்டியை எடுத்துப்போய்விட்டார். அனுமதி கேட்காதது என் தப்புதான். ஆனால் "பள்ளியில் சூதாட்டம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அப்பா.

அன்று கத்தியவள் காவேரி. சித்தேரி மலையிலிருந்து வந்த பிள்ளை. ஒரு வருடமாக வகுப்பில் வாய் திறந்ததில்லை. ஊமை என்றே நினைத்திருந்தோம். பெட்டி வந்த பிறகு விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். அன்றுதான் முதன்முதலில் அவள் குரலைக் கேட்டேன். சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். உங்களைப் பார்த்து இல்லை. இருந்தாலும் மன்னித்துவிடுங்கள்.

தவறாகப் புரிந்துகொண்டு எழுதினேன் என்று இருபதாம் தேதிக்குள் நீங்கள் ஒரு வரி கொடுத்தால், என்னை எச்சரித்து விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் சஸ்பெண்ட். உங்கள் பேனாவில்தான் இருக்கிறது.

அன்பு மகள்
ராஜமேரி


மாரண்டஹள்ளி
9.8.1987

ராஜமேரிக்கு,

தைலம் வந்தது. தேய்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். எனக்கு எவனும் எதையும் சொல்லித் தரவில்லை. நானாகப் புரிந்துகொண்டதைத் தவிர வேறு சொத்து எனக்குக் கிடையாது. அதையும் தவறு என்று கையெழுத்துப் போடச் சொல்கிறாய். அன்று பெட்டி சொன்னது. இன்று நீ சொல்கிறாய்.

சவுரியப்பன்


பாப்பிரெட்டிப்பட்டி
30.8.1987

அப்பாவுக்கு,

சஸ்பெண்ட் உத்தரவு வந்துவிட்டது.

காவேரி மறுபடியும் பேசுவதில்லை. அவள் அம்மா தீர்த்தம்மாள் வீட்டுக்கு வந்தாள். "டீச்சரும் இல்ல, டிவியும் இல்ல, நான் போவமாட்டேன்னு தலையாட்டறா. மலைக்கே கூட்டிப்போறேன். அங்க ஆடு மேய்க்கப் பேச்சு எதுக்குங்க?" என்றாள். நான்தான் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ராஜமேரி


மாரண்டஹள்ளி
20.12.1987

ராஜமேரிக்கு,

மூன்று கடிதங்கள் "வாங்க மறுப்பு" என்று திரும்பி வந்தன. அதனால் கார்டில் எழுதுகிறேன். மறுப்பதற்குள் கண்ணில் பட்டுவிடும். தபால்காரர் படித்தால் படிக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு வா என்று கூப்பிட மாட்டேன். புகார் கொடுத்தது சரிதான். அதில், பிள்ளைகள் எதையும் கற்கவில்லை என்று எழுதிய ஒரு வரி மட்டும் பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும்.

இதை உன்னிடம் சொல்கிறேன். அலுவலகத்துக்கு எழுத மாட்டேன்.

சவுரியப்பன்