சொட்டுநீர்க் குழாய்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

அப்பாவின் சிறுநீர்ப்பையில் இருக்கும் புற்றுக்கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, புது ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் வளரவைக்கிறதாம். டாக்டர் சொன்னது அப்பாவுக்குப் புரியவில்லை. திண்டுக்கல்லிலிருந்து அகரம் திரும்பும் பஸ்ஸில் நான்தான் விளக்கினேன்.

"நம்ம தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டிருக்கோம்ல, அது மாதிரிப்பா. அந்தக் கட்டி தனக்குன்னு குழாய் போட்டு ரத்தத்தை இழுத்துக்கிருது."

"அப்ப வால்வை அடைச்சிர வேண்டியதுதான?"

"அதுக்கும் மருந்து இருக்காம்ப்பா. ஆனா இந்த நோய்க்கு அம்புட்டா கேக்கலையாம்."



சிறுநீரில் ரத்தம் போய்ப் போய் ஆள் வெளுத்துவிட்டாரே என்று சாயங்காலம் ஆட்டு ஈரல் வறுத்து வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார். பீட்ரூட் சாறும் வேண்டாமாம்.

"எனக்கு ஊறுற ரத்தம் பூராம் அதுக்குத்தானத்தா பாயுது. வால்வை அடைக்க முடியலைன்னா மோட்டாரை நிறுத்த வேண்டியதுதான்."

அப்படியில்லை என்று கெஞ்சிப் பார்த்தேன். நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

ஈரல் அடுப்படியில் அப்படியே மூடிக் கிடக்கிறது. பக்கத்து அறையில் அவர் பசியோடு புரண்டு படுப்பது கேட்கிறது. அவர் பட்டினி கிடந்தாலும் அது பட்டினி கிடக்காது. அதைச் சொல்ல எனக்கு ஓர் உதாரணமும் அகப்படவில்லை.