சகரியா பாஸ்டருக்குப் பிறகு

பிப்ரவரி 9, செவ்வாய்

குளிரில் பால் லாரி இன்றும் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரர் சிமியோன் என்ஜினுக்கடியில் படுத்துக்கொண்டு, சபையில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டார். முட்டைக்கோஸ் ஊறுகாயில் உப்பு அதிகம்.

பிப்ரவரி 10, புதன்

பாஸ்டர் போய்விட்டார்.

வேலித் தகராறில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பியைச் சமாதானம் பண்ணி வைக்க மேட்டுத் தெருவுக்கு நடந்திருக்கிறார். வழியிலேயே பனியில் உட்கார்ந்துவிட்டாராம். நெஞ்சுவலி. அந்த அண்ணனும் தம்பியும்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மாவு பிசைந்துகொண்டிருந்தேன். செய்தியைக் கேட்டேன். மறுபடி பிசைந்தேன். ரொட்டி நன்றாகவே வந்தது. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிப்ரவரி 12, வெள்ளி

அடக்கம். தரை உறைந்து கிடந்ததால் குழி வெட்டவே நேரமாகிவிட்டது. பக்கத்து டவுன் ரதவுட்ஸிலிருந்தும், வேலைக்குப் போன இத்தாலியிலிருந்தும் ஜனம். கோயிலுக்குள் இடமில்லாமல் பாதிப்பேர் பனியில் நின்று பாடினார்கள். நானும் பாடினேன். வாய் பாடியது.

சில்வான் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஓவென்று அழுதான். முப்பது வயதுக்காரன், ஊரெல்லாம் சுவர் பூசுகிறவன். எரிச்சலாக வந்தது. உனக்கு மட்டும் எப்படிடா வருது?

என்னை வளர்த்தவர் அவர். நான் இந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தேன் என்று வேறு சபைக்காரரான என் அப்பா என் துணிப்பெட்டியைத் தெருவில் எறிந்த அன்று, அதை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர். "வீட்ல சூப் ஆறுது, சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னார். என் கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்றார். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

சவ ஊர்வலம் போகும்போது அப்பா வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் கோயிலைக் கடக்கும்போது எச்சில் துப்பிவிட்டுப் போகிற மனுஷர். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடந்துவிட்டேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஜெபிக்க முழங்கால் போட்டேன். தரையின் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து மூப்பர்கள் பேசினார்கள். அடுத்த பாஸ்டர் வேண்டும். இரண்டு பேர். ஒருவன் சில்வான். மற்றவர் என் வீட்டுக்காரர்.

பெரியவர்கள் எல்லாம் சிமியோன் பக்கம். "பதினெட்டு வருஷம் உதவிக்காரனா இருந்திருக்கான், பாஸ்டர் கூடவே நடந்தவன். அந்தப் பூச்சுவேலைப் பையனா பிரசங்க மேடையில ஏறுறது? செருப்பைப் பாரு, பந்து விளையாடப் போற மாதிரி!" என்றார் தபால்கார மிரோன். இளையவர்கள் சில்வான் பக்கம். அவன் கிட்டார் வாசிக்கிறான், அவர்கள் போனில் அனுப்பும் செய்திக்குப் பதில் போடுகிறான்.

சிமியோனும் நானும் வீட்டுக்கு நடந்தோம். கதவைத் திறக்கும்போது, "என்ன சொல்ற?" என்றார்.

"நான் என்ன சொல்றது" என்றேன்.

மார்ச் 7

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 17, வியாழன்

பாஸ்டர் மனைவி வெதூரியா அம்மாவைப் பார்க்கப் போனேன். பாஸ்டருடைய கோட் இன்னும் ஆணியில் தொங்குகிறது. அம்மா அதன்மேலேயே தன் துண்டை மாட்டியிருக்கிறார்.

கொல்லையில் விறகு பிளக்கும் சத்தம். சில்வான். அம்மா ஜன்னலைத் திறந்து கத்தினார்: "இவ்வளவு தடியா வெட்டினா என் அடுப்புல எப்படிடா போகும்? உன் தலையையா வைப்பேன்?" அவன், "வைங்கம்மா, அதுலயும் கட்டைதான் இருக்கு" என்றான். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, "தினம் வரான். பேசத் தெரியாது. உக்காந்து திட்டு வாங்கிட்டுப் போறான்" என்றார்.

மக்காச்சோளக் களி கிண்டினோம். அம்மா கரண்டியை நிறுத்தாமலே பேசினார்.

"அந்த மனுஷன் ஒரு நாள் சூடா சாப்பிட்டதில்ல, தெரியுமா? களியை எறக்குவேன், கதவைத் தட்டுவாங்க. யாரு வீட்லயோ புருஷன் பொண்டாட்டியை அடிச்சிருப்பான். யாருக்கோ காய்ச்சல். போயிடுவாரு."

"தெரியும்மா."

"உனக்குத் தெரியாது. நீ தட்டுன கதவு அது. நான் உள்ள இருந்தவ." கரண்டியால் சட்டியின் ஓரத்தைத் தட்டினார். "நாப்பது வருஷம் நான் ஒரு சபையைக் கட்டிக்கிட்டு வாழ்ந்தேன், ராகிலா. மனுஷனை இல்ல. வருத்தம்னு சொல்லல. ஆனா சிமியோன்கிட்ட யாருக்கும் இல்லைன்னு சொல்ற பழக்கம் கிடையாது. பாஸ்டரானா அவன் சீக்கிரம் செத்துப்போவான்."

களி அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 18

சிமியோன் தூக்கத்தில் இடதுபக்கமாகப் படுக்கிறார். மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். இதற்கு முன் பார்த்ததேயில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

சிமியோன் பிரசங்கம் பண்ணினார். நன்றாகவே பண்ணினார். வசனத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபோது, பின் வரிசையில் ஒருவர், "அப்படியே பாஸ்டர்!" என்றார். பெண்கள் பக்கம் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த இடத்தில் யார் நின்றாலும் எனக்குப் பிடிக்காது. அப்படியிருக்க, அங்கே நிற்கிறவரை வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் பார்க்கணுமா? பாஸ்டர் மாதிரி, பாஸ்டர் மாதிரி என்று — எனக்குப் பாஸ்டர் மாதிரி ஆள் வேண்டாம். பாஸ்டர் வேணும். அவர் இல்ல.

ஏப்ரல் 10, ஞாயிறு

சூச்சவாவிலிருந்து மாவட்ட மூப்பர் வந்து பாஸ்டர் தேர்தலை நடத்தினார். நேற்று முழுக்க உபவாசம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்து எழுத வேண்டும்.

கண்ணை மூடினேன். ஆவியானவர் எதையும் சொல்லவில்லை. எனக்குள் அமைதியோ கலக்கமோ எதுவும் இல்லை. சில்வான் என்று எழுதினேன். மடித்துப் பெட்டியில் போட்டேன்.

கொஞ்ச வித்தியாசத்தில் சில்வான்.

மிரோன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சில்வான் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. முதலில் போய் அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தவர் சிமியோன்தான். "அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்று அவன் சொன்னது மூன்றாவது வரிசைவரை கேட்டது.

ஏப்ரல் 11, திங்கள்

காலையில் டீ ஊற்றும்போது சிமியோன் கேட்டார்.

"நீ யாருக்கு எழுதின?"

பொய் சொல்ல நினைத்தேன். "சில்வானுக்கு."

டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "அடிப்பாவி! கட்டின பொண்டாட்டி ஓட்டுகூட எனக்கில்லையா?" பிறகு சிரிப்பு நின்றது. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நானும் அவனுக்குத்தான் எழுதினேன்."

"ஏங்க?"

"எனக்கு ஆசை இருந்துச்சு, ராகிலா. ரொம்ப. மேடையில நின்னப்ப, எல்லாரும் தலையாட்டினப்ப... இறங்கவே மனசில்ல. அவனுக்கு ஆசையில்ல, பயம்தான் இருக்கு. பாஸ்டரும் கடைசிவரை பயந்துக்கிட்டுத்தான் மேடை ஏறுவாரு. உனக்குத் தெரியுமா?"

தெரியாது.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்சம் வலித்திருக்கும்.

மே 8

சில்வான் பிரசங்கம் நீளம். நடுவில் வசனத்தைத் தொலைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகத் தேடினான். யாரும் உதவவில்லை. வெதூரியா அம்மா மட்டும் சத்தமாக, "எரேமியா, இன்னும் பின்னால போ" என்றார்.

மிரோன் இன்னும் வரவில்லை. இன்று சில்வான் அவர் வீட்டுக்குப் போய் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டு வந்தானாம். உள்ளே கூப்பிடவில்லையாம்.

ஜூன் 12, ஞாயிறு

ஆற்றில் ஞானஸ்நானம். வெயில் இருந்தும் தண்ணீர் ஐஸ். கரை நிறையச் சபை. மிரோன்கூட வந்திருந்தார், தள்ளி ஒரு மரத்தடியில்.

முதல் ஆள் மரம்வெட்டி பிலாரெத். நம் கதவு உயரம், அலமாரி அகலம். குடியை விட்டு ஒரு வருஷமாகிறது. சில்வான் அவனுடைய நெஞ்சுவரைதான் வருவான். துணைக்கு நிற்கட்டுமா என்று சிமியோன் கேட்டதற்கு, "முடியும்ணே" என்றிருக்கிறான்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லித் தண்ணீருக்குள் சாய்த்தான். பிலாரெத் போனான். அவனோடு சில்வானும் போனான். தண்ணீருக்கு மேல் நான்கு கால்கள்.

சிமியோன் பேண்ட்டோடு குதித்து ஒருவனைக் காலரிலும் ஒருவனைக் கையிலும் பிடித்து இழுத்தார். பிலாரெத் தாடியிலிருந்து தண்ணீர் கொட்ட நிமிர்ந்து, கை இரண்டையும் தூக்கி, "அல்லேலூயா! பாஸ்டரையும் சேர்த்துக் கழுவியாச்சு!" என்று கத்தினான்.

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெதூரியா அம்மா முதலில் சிரித்தார், கறுப்பு முக்காடு நழுவ. பிறகு எல்லோரும். மரத்தடியில் மிரோன் தோள் குலுங்கியது.

நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எப்போது அது சிரிப்பில்லாமல் போனது என்று தெரியாது. வாயிலிருந்து ஏதோ மிருகம் மாதிரி சத்தம். அம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வந்துடுச்சா? வரட்டும், வரட்டும்" என்றார்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, அடுத்ததாக ஒரு பெண் கரையோரம் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள், இறங்க மனசில்லாமல். உதடு நீலமாகிப்போன பாஸ்டர் தண்ணீரிலிருந்து அவளுக்குக் கை நீட்டினார். "வாம்மா," என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."