கிராம்பெண்ணெயும் பத்து மூட்டைக் கடலையும்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய பன்னிரண்டு பாட்டில்களும் உடையாமல் வந்து சேர்ந்தன. கிராம்பெண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்துத் தண்ணீரில் கலந்திருக்கிறாய் என்றால் யார் நம்புவார்கள்? பார்க்க வெறும் பச்சைத் தண்ணீர். மூடியைத் திறந்தால்தான் பல் டாக்டர் அறை வாசனை.

உன் அத்தான், செய்தித்தாளில் வந்த உன் படத்தை வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். "என் மச்சினி கண்டுபிடிச்சது! இனிமே கடலைல பூஞ்சையும் வராது, அது விடுற விஷமும் வராது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டுகிறார். பதினெட்டு வருடமாக இந்தக் கிடங்கில் மூட்டையை முகர்ந்தே பூஞ்சையைப் பிடிக்கிறேன். என்னை ஒருவரும் படம் எடுத்ததில்லை. வயிறு எரிகிறது. உன்னிடம் மறைப்பானேன்?

அடுத்த வாரம் பத்து மூட்டையில் தெளிக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கப் பத்தைச் சும்மா விடுகிறேன். ஆமாம், உன் கடிதத்தில் மருந்துக்கு இரண்டு பக்கம், என் முழங்கால் வலிக்கு அரை வரி.

உன் அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

அரை வரிக்கு மன்னித்துவிடு. வலி எப்படி இருக்கிறது? அத்தானிடமிருந்து அந்தப் படத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போடு. அதில் நான் தூங்கி வழிகிறேன்.

ஒன்று மட்டும். பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்துவிடாதே. உறைந்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெய் பிரிந்துவிடும். பிறகு பூஞ்சை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். உன் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் எல்லாக் கிடங்குகளுக்கும் போகும். உன் கைமேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

உன் தங்கை

ஏப்ரல் 24

அன்புத் தங்கைக்கு,

தெளித்த மூட்டைகளிலும் பூஞ்சை. நஞ்சின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான், வரம்புக்கு மேல். இருபது மூட்டைகளையும் தனி அறையில் பூட்டிவிட்டேன். உன் அத்தான் இப்போது படத்தை வெளியே எடுப்பதில்லை. எல்லாருக்கும் எல்லாம் வாய்த்துவிடுமா என்ன? மனதைத் தேற்றிக்கொள்.

உன் அக்கா

ஏப்ரல் 30

அன்பு அக்காவுக்கு,

"இன்னொரு தடவை பாத்துடலாமா?" என்று எங்கள் ஆய்வக இயக்குநர் கேட்டார். "எங்க அக்கா பாத்தா பாத்ததுதான் சார்" என்று சொல்லி, மருந்து பலிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆறு வருட வேலை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

உன் தங்கை

மே 5

என் தங்கமே,

நான்தான் கெடுத்தேன். ஃப்ரீசரில் வைக்காதே என்று நீ எழுதியதைப் படித்த அன்றே வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது எண்ணெய் மேலே மிதந்தது. குலுக்கித் தெளித்தேன். ஒரே ஒரு தடவை நீ தோற்கட்டும் என்றிருந்தது. தோற்றதும் நிம்மதியாகச் சாப்பிட்டேன், அதுதான் உண்மை.

உன் இயக்குநருக்கும் எங்கள் மேலாளருக்கும் இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மே 19

கிடங்கு அலுவலர் அவர்களுக்கு,

மறுசோதனைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. புதிய பாட்டில்கள் தங்கள் மேலாளர் பெயருக்கு வருகின்றன. சோதனை முடியும்வரை அது நடக்கும் அறைக்குள் தாங்கள் போக வேண்டாம்.

'அக்கா' என்று நாலு தடவை எழுதி அடித்துவிட்டேன். கை வரவில்லை.

ஆய்வாளர்,
தானியச் சேமிப்புப் பிரிவு