ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சரவணபவ

தம்பிக்கு,

கைக்காயம் ஆறிவிட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சிறையில் வாரம் ஒருநாள் தியான வகுப்பு. மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்கிறார் மாஸ்டர். "எனக்கு மந்திரம்தான் சார் சரிப்படும், இருபது வருசமா சொல்றேன்லா" என்றேன். உனக்குத் தெரியுமே, இரண்டு கையாலும் பிடிக்கும் அந்தப் பெரிய கத்தரியால் தேயிலை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சரவணபவ சொல்வேன்.

மூச்சைக் கவனித்தால் கோபம் வருவது தெரிகிறது. வயிற்றில் கிளம்பித் தொண்டைக்கு ஏறி, தானாக அடங்குகிறது. மந்திரத்தில் அது தெரிவதேயில்லை. மனசு அமைதியாக இருக்கிறது, கை மட்டும் வெட்டிக்கொண்டே போகிறது.

"நாளைலேர்ந்து வரலண்ணே, கம்போங் ராஜா பூத்தோட்டத்துக்குப் போறேன்" என்று தேயிலை நிரையில் நின்று நீ சொன்னபோதும் என் வாயில் சரவணபவதான் இருந்தது. உன் ரத்தம் முகத்தில் தெறித்த பிறகும் அது நிற்கவில்லை. இரண்டாவது விரலுக்கும் ஒன்று சொன்னேன்.

என்னை விடச்சொல்லி இடது கையால் மனு எழுதியிருக்கிறாயாம். அனுப்பாதே. நேற்றும் தூக்கத்தில் மந்திரம் சொன்னேனாம். பக்கத்துப் படுக்கைக்காரன் பார்த்திருக்கிறான். என் இரண்டு கைகளும் விலகிச் சேர்ந்து, விலகிச் சேர்ந்துகொண்டே இருந்தனவாம்.

உன் அண்ணன்