அறுபது கிலோ காற்று

நைனா,

இன்று காலை ஷிப்டில் எங்கள் பிளாண்டுக்குப் புது கம்ப்ரசர் வந்தது. அதன் பிரஷர் மீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று சிவப்பில் ஒரு கணக்கு, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று கறுப்பில் ஒரு கணக்கு. ஒன்றை மற்றதாக மாற்றி எழுதுவது என் வேலைதான். இன்று முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்து நின்றுகொண்டேன்.

உன் நுரையீரலுக்குத் திருப்பதியில்தான் வைத்தியம் என்று சித்தூரில் சொன்னதும் உன்னை வேனில் ஏற்றினோமே, அந்தப் பகல் வந்துவிட்டது. வேனில் இருந்தது ஒரே ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். பாகாலா தாண்டியதும் லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. சிலிண்டர் மீட்டரில் முள் அறுபதுக்கு வந்துவிட்டது.

படுத்தபடியே நீ அதைப் பார்த்துவிட்டாய். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவன். காற்று என்றால் உனக்கு டயர் காற்று, அதுவும் பவுண்டுக் கணக்கில்தான். மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "அறுபதுதாம்மா கீது. ஒரு டயருக்குக்கூட பத்தாதே" என்றாய்.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், உனக்குத் தெரியாதா. மாஸ்க்கை அழுத்தி வைத்துக் கத்தினேன். "அது பவுண்டு இல்ல நைனா, கிலோ. காத்து அழுத்தத்துல ஒரு கிலோன்னா பதினாலு பவுண்டு. அறுபதுக்கு எண்ணூத்தி நாப்பது ஆவுது. எந்த லாரிக்கு நீ அவ்ளோ புடிச்சிருக்க? பேசாம படுத்துக்கினு இரு."

தலையாட்டினாய். எனக்கோ உண்மைக் கணக்கு தெரியும். பதினாலால் பெருக்கினால் எண்தான் பெருகும்; சிலிண்டருக்குள் ஒரு மூச்சுகூட அதிகமாகாது. இருந்த ஆக்சிஜன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும், அவ்வளவுதான். வழி திறந்தாலும் அங்கிருந்து திருப்பதிக்கு ஒரு மணி நேரம். டிரைவர் திரும்பி, பரவாயில்லை என்று தெலுங்கில், "பர்வாலேதம்மா" என்றார். சொல்லிவிட்டுக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஒருவழியாக வண்டி நகர்ந்தது. முள் நாற்பதுக்கு இறங்கியபோது புருவத்தை உயர்த்திக் கேட்டாய். ஐந்நூற்று அறுபது என்றேன். இருபதில் இருநூற்று எண்பது என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். திருப்பதிக்குள் நுழைந்தபின் குறுக்கே வந்த ஆட்டோக்காரர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது முள் கிட்டத்தட்ட அடியைத் தொட்டிருந்தது.

வார்டு ஆக்சிஜனுக்கு மாற்றிக் கொஞ்சம் தெளிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய்.

"கிலோன்னா இன்னா, பவுண்டுன்னா இன்னா, உள்ள கீறது அதே காத்துதானே. நீ பயந்துக்கினு இருந்த. அதான் தலையாட்டிக்கினு வந்தேன்."

அந்த வாரமே போய்விட்டாய். அப்பனுக்குத் தைரியம் சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் என்று சொந்தக்காரர்கள் இன்னும் என்னைப் பெருமையாகப் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. மூச்சு விடவே முடியாத நீதான் வழி நெடுக எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாய்.

உனக்கும் பயமாகத்தானே இருந்திருக்கும் நைனா. பயமாக இருக்கிறதா என்று யார் கேட்டார்கள் உன்னை?