உச்சமுனைக் கணக்கு

ராத்தா,

உங்கள் மடிக்கணினியைத் திறந்தால் இன்னும் இறால் தீன் மணம் வருகிறது. முந்தல் பண்ணையில் அத்தனை வருடம் கணக்கெழுதியவரின் பையில் கிடந்ததல்லவா, போகாது. அஸர் தொழுதுவிட்டு வந்து திறந்தேன். சட்டையில் பட்ட களப்புத் தண்ணீர் இன்னும் காயவில்லை. திரையில் ஒரு கேள்வி நிற்கிறது: "உச்சமுனைக்குக் கொடுத்தாயிற்றா? யார் கொடுத்ததாக எழுத வேண்டும்?" பதில் போடவில்லை. முதலில் உங்களுக்கு எழுதிவிட்டு அதற்குச் சொல்கிறேன்.

சொந்தக் கணக்கை நீங்கள் எந்த மென்பொருளிலும் வைக்கவில்லை. வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் வைத்தீர்கள். திகதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, அவ்வளவுதான். எழுத்துத் தெரிந்த யாரும் திறந்து வாசிக்கலாம். "இதென்ன, அப்பியாசக் கொப்பி மாதிரி" என்று சிரித்தேன். "பெட்டியப் பூட்டலாம் தம்பி, கணக்கப் பூட்டப்படாது. நாளைக்கு நான் இல்லாட்டியும் ஒருத்தன் வாசிக்கணும்" என்றீர்கள். பிறகு கண் மங்கத் தொடங்கியதும் அந்தக் கோப்போடு ஒரு ஏ.ஐ. உதவியாளரை இணைத்தீர்கள். கேட்டால் வாசித்துச் சொல்லும், சொன்னால் எழுதிக்கொள்ளும். அது எப்படி நடக்க வேண்டும் என்று பக்கத்தில் இன்னொரு சின்னக் கோப்பில் விதிகள் எழுதி வைத்தீர்கள். கதைக்க ஆள் கிடைத்துவிட்டது, இனி தம்பி எதற்கு என்று உங்களைச் சீண்டினேன். நீங்கள் சிரிக்கவில்லை.

உங்கள் ஜனாஸா அன்று பள்ளிவாசலில் எழுந்து நின்று, "எங்கட ராத்தா யாருக்கும் கடன் குடுக்க இருந்தா என்னிட்ட செல்லுங்க, நான் பொறுப்பு" என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் கடனோடு போன உயிர் எங்கும் சேராமல் நிற்கும் என்ற பயம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. யாரும் வரவில்லை. அதுவே என்னை உறுத்தியது. ஒரு மாதம் பொறுத்துவிட்டு, போன சனிக்கிழமை முற்பகலில் உங்கள் கணினியைத் திறந்து, "நான் அவரின் தம்பி. ராத்தாவுக்கு ஏதும் கடன் இருக்கிறதா?" என்று தட்டினேன்.

"தேத்தண்ணி குடிச்சியா?" என்று பதில் வந்தது.

வீட்டில் யாருமில்லை. வெளியே பட்டப்பகல். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். காசுக் கதையோடு வந்தால் நீங்கள் என்னிடம் முதலில் கேட்பது அதைத்தானே. திரும்ப உட்கார்ந்து "இல்லை" என்று தட்டினேன். "குடிச்சிட்டு வா. வெறும் வயித்தோட கணக்குப் பாக்கப்படாது" என்றது. அதுவும் உங்கள் விதிகளில் இருந்ததுதான் என்று பிறகு கண்டேன். அப்போது தெரியாது. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி, நின்ற நிலையிலேயே குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு சொன்னது. கடையொன்றுக்குச் சில்லறைப் பாக்கி, தையல்காரிக்குக் கூலி. இரண்டையும் அன்றே கொடுத்தேன். "இன்னொரு கணக்கு உண்டு. பெயர் உச்சமுனை. தம்பிக்குக் காட்ட வேண்டாம் என்று விதி" என்றது. அதில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று கேட்டேன்.

"நேற்று" என்றது. நீங்கள் போய் அன்றைக்கு முப்பத்தாறு நாள்.

எப்படி என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் 'கொடுக்க வேண்டியது' என்று ஒரு வரியைத் தானாக எழுதும்படி நீங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். கொடுத்துவிட்டு வந்து, அதன் கீழ் 'கொடுத்தாயிற்று' என்று எழுதச் சொல்வீர்களாம். ஐந்து வாரமாக மேல்வரி மட்டும் விழுகிறது. நீங்கள் கபுறுக்குள் கிடக்க, இங்கே உங்கள் பேரில் கடன் ஏறிக்கொண்டிருந்தது.

உச்சமுனை என்றால் எனக்குத் தெரியாதா? ஒன்பது வருடத்துக்கு முன், களப்பைத் தாண்டிய அந்தத் தீவில் நண்டு வாங்கிக்கொண்டு திரும்பிய நாள். கச்சான் காற்று அடித்தது. "இப்ப ஏலாது நானா, காத்து விழட்டும்" என்றான் படகுக்காரன். கொழும்பு லொறி போய்விடும் என்று நான்தான் அவனை ஏசி, இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லி, தண்ணீரில் இறக்கினேன். படகு கவிழ்ந்தது. நண்டு போட்ட ரெஜிபோம் பெட்டி மிதந்து வந்து என் கைக்கு அகப்பட்டது, அவனுக்கு அகப்படவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அவன் மனைவியைப் பற்றிக் கேட்டேன். "அவ மன்னார்ப் பக்கம், உம்மாட ஊருக்குப் போய்ட்டா. நல்லா இருக்காவாம். நீ அந்தக் கதைய விடு" என்றீர்கள். விட்டேன். எவ்வளவு வசதியாக விட்டேன்! அதன் பிறகு ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை.

அந்தக் கணக்கைக் காட்டு என்று அன்றைக்கே கேட்டேன். ஞாயிறும் கேட்டேன். திங்களும் கேட்டேன். மாட்டேன் என்றது. கோப்பு என் கண் முன்னால் கிடந்தது, பூட்டு இல்லை. திறந்தால் உங்கள் சொல்லை மீறுகிறேன். திறக்காவிட்டால் ஊர் முன் கொடுத்த வாக்கு பொய்யாகிறது, நீங்கள் கடனோடு நிற்கிறீர்கள். முதலில் விதிகளைத் திறந்தேன். நடுவில் மூன்று வரி இருந்தது.

'தம்பி கேட்டால் உச்சமுனையைக் காட்டாதே.
மூன்று தரம் கேட்பான். பிறகு தானே திறப்பான்.
அதன் பிறகு அவனிடம் ஒன்றும் மறைக்காதே.'

கேட்ட தரங்களை விரல் விட்டு எண்ணினேன். உங்கள் அறைக் கதவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கணக்கைத் திறந்தேன். ஒன்பது வருடத்து வெள்ளிக்கிழமைகள். 'படகுக்காரனின் மனைவிக்கு.' ஒவ்வொன்றின் கீழும், 'கொடுத்தாயிற்று. தம்பி கொடுத்தது.' நான் ஒரு சதம் கொடுத்ததில்லை, ராத்தா.

இன்று ஜும்ஆ முடிந்ததும் படகேறினேன். அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான். நடுக்களப்பில் பாசி சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. படகோட்டி குனிந்து அதை அறுத்துக்கொண்டிருந்தான். காற்றில்லை, சத்தமில்லை. அந்த இடம்தானா என்று சொல்ல முடியாது, தண்ணீருக்கு அடையாளமில்லை. பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கலிமாச் சொன்னேன்.

கரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். நான் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை.

"வாங்க நானா" என்றாள். "'நான் வராட்டி தம்பி வருவார்' எண்டு ராத்தா சென்னாங்க. ஒவ்வொரு வெள்ளியும் வந்து பாக்கிறன்."

ஆறு வாரக் காசை நீட்டினேன். அவள் எண்ணவில்லை. "நீங்க அனுப்பின காசுலதான் புள்ளைகள் படிச்சாங்க" என்றாள். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியிருக்கலாம். முடியவில்லை.

"அது நான் அனுப்பினதில்ல. ராத்தாட காசு. அண்டைக்கு அவர வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனதும் நான்தான்."

அவள் களப்பைப் பார்த்தபடி நின்றாள். "அதெல்லாம் தெரியும் நானா. ராத்தாக்குப் பொய் செல்ல வராது. நீங்க வார வரைக்கும் தம்பிட காசு எண்டே செல்லட்டும் எண்டு விட்டன்."

திரை இன்னும் காத்திருக்கிறது. உங்கள் கடனுக்கு நான் பொறுப்பு என்று ஊர் முன் சொன்னேன். என் கடனைத்தான் நீங்கள் சுமந்துகொண்டு போயிருக்கிறீர்கள். இனி வெள்ளிக்கிழமை தோறும் நான் போவேன். 'தம்பி கொடுத்தது' என்று இப்போது தட்டிவிட்டேன். அத்தனை வருடத்தில் அந்த வரி இன்றைக்குத்தான் உண்மை, ராத்தா.